இருபத்தோராயிரத்துக்கு இந்தப் பக்கம்

எனக்குச் சம்பளம் ஐந்நூறு ரூபாய் ஏறிய அன்று, வேலை செய்யும் இடத்தில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அரைக் கிலோ. அந்த மைசூர்பாகை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதுமில்லாமல், அதற்கு இனிப்பு வேறு வழங்கியிருக்கிறேன்.

பெங்களூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் எனக்கு வேலை. டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. எஸ்டிமேட் கவுண்டரில் உட்காருகிறவள். உள்ளே யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அவர்களுடைய மனைவியோ மகனோ என் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று நான் கம்ப்யூட்டரில் தட்டிச் சொல்ல வேண்டும். நான் கேட்கும் முதல் கேள்வி நோயைப் பற்றி இருக்காது. "இன்சூரன்ஸ் இருக்கா?" என்றுதான் கேட்பேன். பதினோரு வருடமாகக் கேட்கிறேன். இருக்கிறது என்றால் ஒரு ரேட் ஷீட், இல்லை என்றால் வேறொன்று. இல்லை என்கிறவர்கள் குரலை இறக்கித்தான் சொல்வார்கள், ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி. நானும் முகத்தை ஒரு தினுசாக வைத்துக்கொண்டு சரி என்பேன்.

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: முதலில் சின்னத் தொகையைச் சொல், பெரிய தொகையைச் சொன்னால் ஆள் எழுந்து போய்விடுவான். கீழே பொடி எழுத்தில் 'தோராயமானது, மாறுதலுக்கு உட்பட்டது' என்று இருந்தால் போதும். மீதியை டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை குடும்பங்களுக்கு அந்தச் சின்னத் தொகையைச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இதை நான் யோக்கியவள் என்று காட்டிக்கொள்ள எழுதவில்லை.

எனக்கு இன்சூரன்ஸ் இருந்தது. கம்பெனிகள் விற்பது அல்ல, தொழிலாளர்களுக்காக அரசாங்கம் நடத்துவது. மாதம் நூற்று ஐம்பத்தாறு ரூபாய் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்கைக் கட்டுவார். கைக்கு ஒரு கார்டு. அதைக் காட்டினால் டிஸ்பென்சரியில் மாத்திரை, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், எதற்கும் காசு இல்லை. வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மட்டுமின்றி, என்னை நம்பி இருக்கும் அம்மாவுக்கும் அதே கார்டுதான். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பி.பி.யும் சுகரும் உண்டு. எனக்குச் சுகர் மட்டும். அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. மர்பி டவுனில் இரண்டு அறை வாடகை வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

அந்தக் கார்டுக்கு ஒரு கோடு உண்டு. மாதச் சம்பளம் இருபத்தோராயிரத்தைத் தாண்டினால் கார்டு கிடையாது. எனக்கு இருபதாயிரத்து எண்ணூறு இருந்தது. ஜூலையில் ஐந்நூறு ஏற்றினார்கள். கூட்டிப் பாருங்கள். ஊருக்கெல்லாம் கூட்டிக் கொடுக்கிற நான் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. அக்டோபர் மாத ஸ்லிப்பில் நூற்று ஐம்பத்தாறு பிடிக்காமல் விட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, யாரோ தப்புப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் எச்.ஆர். அறைக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தப்பு ஒண்ணும் இல்ல மேடம். நீங்க லிமிட் தாண்டிட்டீங்க. கங்கிராட்ஸ்!"

"அப்ப கார்டு?"

"இன்னும் கொஞ்ச மாசம் ஓடும். ஆமேலே, அப்பறம் இல்ல. அதுக்குள்ள ஒரு பிரைவேட் பாலிசி எடுத்துக்கோங்க மேடம். இப்ப எல்லாம் ரொம்ப சீப்."

ரொம்ப சீப் என்று அவர் சொன்னதை நம்பி அன்று மாலையே போனில் தேடினேன். ஒரு நாளைக்கு ஒரு டீ விலையில் ஐந்து லட்சம் பாதுகாப்பு என்று ஒரு பெண் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னத் தொகையை முதலில் சொல்லும் வித்தை. நான் செய்கிற அதே வித்தை. அந்த டீ விலை, நோய் நொடி இல்லாத இருபத்தைந்து வயதுக்காரிக்கு. என் வயதைப் போட்டேன். சுகர் இருக்கிறதா என்று கேட்டது, ஆமாம் என்று போட்டேன். டீ போய், ஒரு வேளை டிபன் செலவே வந்து நின்றது. நான் அந்த எண்ணைப் படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அன்றிரவு தூங்குவதற்குள் பாலிசி விற்க ஏழு பேர் கூப்பிட்டார்கள். ஏழு பேரும் என்னிடம் ஹேப்பியாக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

என் கணக்கை நானே போட்டேன். வாடகை, அரிசி, காஸ், கரண்ட், பஸ் பாஸ், அப்பா சாவுக்கு வாங்கி இன்னும் முடியாத சீட்டுப் பணம், எல்லாம் போக மாதம் ஆயிரத்து இருநூறு நிற்கும். வருடத்துக்குப் பதினாலாயிரத்து நானூறு. ஒரு புடவை கூடாது, யார் கல்யாணத்துக்கும் போகக் கூடாது, செருப்பு அறுந்தால் தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படி இருந்தால் அந்தப் பதினாலாயிரத்து நானூறு. அதற்குள் எனக்கும் அம்மாவுக்கும் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

விவேக் நகரிலிருந்து ஒரு ஏஜென்ட்டை வரச் சொன்னேன். எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற பையன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தான். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். அவன் லேப்டாப்பைத் திறந்து, என் ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினான்.

"ஜஸ்ட்ல மிஸ் பண்ணிட்டீங்களே அக்கா. நாப்பத்தஞ்சு வரைக்கும் ஒரு ரேட்டு. நாப்பத்தாறு ஆச்சின்னா அடுத்த ரேட்டு. மெடிக்கல் டெஸ்ட்டும் வெப்பாங்க."

"எனக்கு நாப்பத்தஞ்சுதாம்பா."

"ஆதார்ல நாப்பத்தாறு இருக்குதே."

இருக்கும். ஏன் இருக்காது? அதற்கு என் அப்பாவைக் கேட்க வேண்டும். நான் பிறந்தது ஜனவரியில். நாலரை வயதில் என்னைக் கான்வென்டில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். ஜூன் ஒன்றாம் தேதிக்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். முடிந்துவிட்டது என்று அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்லி, நான் பிறப்பதற்கு முந்தைய மே மாதத்தில் ஒரு தேதியைக் கொடுத்துவிட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் காகிதத்தில் மே மாதம் பிறந்தவர்கள்தான். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது. ஒரு வருடம் முன்னால் பள்ளிக்கூடம் போனால் ஒரு வருடம் முன்னால் படிப்பு முடியும், ஒரு வருடம் முன்னால் வேலைக்குப் போவாள். மில்லில் ஷிப்டு பார்த்த மனிதரின் கணக்கு அது. அந்தத் தேதி எஸ்.எஸ்.எல்.சி.யில் ஏறி, பான் கார்டில் ஏறி, ஆதாரில் ஏறி, என்னைவிட எட்டு மாதம் மூத்தவளாக ஒருத்தி என் பெயரில் நடமாடுகிறாள். இத்தனை வருடம் அவளால் எனக்குத் தொந்தரவு இல்லை. சீக்கிரமாக ரிட்டையர் ஆவாள் என்று கேலி பேசிச் சிரித்திருக்கிறேன்.

நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு வருடம் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம். நாற்பத்தாறு வயதுக்காரிக்குப் பதினாறாயிரத்து எழுநூறு. என்னிடம் இருந்தது பதினாலாயிரத்து நானூறு. நான் நானாக இருந்தால் கட்ட முடியும். அவளாக இருந்தால் முடியாது.

விடவில்லை நான். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கோயில் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த உபதேசியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தார். என் பெயர், அப்பா பெயர், ஜனவரியில் பிறந்த தேதி, பிப்ரவரியில் ஞானஸ்நானம், எல்லாம் நீல மசியில் இருந்தது. சர்டிபிகேட் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதைப் படம் பிடித்து ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். அவன் போன் செய்தான்.

"அக்கா, சாமி கணக்குல உங்களுக்கு நாப்பத்தஞ்சுதான். நான் ஒத்துக்கறேன். கம்பெனி கணக்குல ஆதார்ல இன்னா இருக்கோ அதான் வயசு."

"ஆதாரை மாத்தினா?"

"அதுக்கு எஸ்.எஸ்.எல்.சி.ய மாத்தணும். அதுக்குக் கோர்ட்டுக்குப் போவணும். அதுக்குள்ள உங்களுக்கு நெசமாவே நாப்பத்தாறு ஆயிடும்."

அவன் சொன்னது சரி. ஜனவரிக்கு இரண்டே மாதம் இருந்தது. போனை வைத்துவிட்டுச் சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்தவரைத் திட்டாதே என்று அம்மா குறுக்கே வந்தாள். அவளையும் திட்டினேன். நீயும்தானே கூடப் போய் நின்றாய், வாயைத் திறந்து ஜனவரி என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். அம்மா உள்ளே போனாள்.

அம்மாவின் எஸ்டிமேட்டை நான் இன்னும் சொல்லவில்லை. நாற்பத்தோராயிரம். அதுவும், எந்தப் பில் வந்தாலும் நூற்றுக்கு இருபது ரூபாய் நாங்கள் கட்ட வேண்டும். அதுவும், அவளுக்கு ஏற்கெனவே இருக்கிற பி.பி.க்கும் சுகருக்கும் மூன்று வருடம் ஒன்றும் தர மாட்டார்கள். அவளுக்கு எது வரப் போகிறதோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு! எழுபது வயது ஆனவர்களுக்கு அரசாங்கக் கார்டு ஒன்று உண்டு என்கிறார்கள். அம்மாவுக்கு அதற்கு இரண்டு வருடம் குறைகிறது. எனக்கு எட்டு மாதம் கூட, அவளுக்கு இரண்டு வருடம் குறைவு, சம்பளம் முந்நூறு ரூபாய் கூட. எந்தக் கோட்டுக்கும் நாங்கள் தப்பான பக்கத்திலேயே நிற்கிறோம்.

ஏஜென்ட் நல்லவன்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் ஒரு வழி சொல்லியிருந்தான்.

"அம்மாவ விட்டுடுங்க அக்கா. உங்களுக்கு மட்டும் போட்டுக்கலாம். சுகர் இல்லேன்னு டிக் அடிச்சிடறேன். ரேட்டு இறங்கும். யாரு பாக்கப் போறாங்க?"

யார் பார்க்கப் போகிறார்களா? நான் பார்த்திருக்கிறேனே! நோயாளியின் பழைய மருந்துச் சீட்டு ஒன்று கம்பெனிக்காரன் கையில் கிடைத்துவிட்டால் போதும். வருடக் கணக்கில் பணம் கட்டிய மனிதனுக்கு ஒரே வரியில் பதில் வரும்: நோயை மறைத்ததால் நிராகரிக்கப்பட்டது. அந்த வரியை அச்செடுத்து அவன் மனைவி கையில் கொடுப்பது என் வேலை. டிக் அடித்த ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டான். வேண்டாம் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. அவன் காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் பேசியதை எல்லாம் அம்மா சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறாள். "எனக்கு எதுக்குடி இன்சூரன்ஸு, நான் நல்லாத்தான் கீறேன்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, குழந்தை இயேசு படத்தைத் துடைப்பதற்காக இறக்கினேன். பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்தேன். மாத்திரைகள். அட்டையோடு ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் வெட்டி, பி.பி. மாத்திரையை ஒரு கவரிலும் சுகர் மாத்திரையை இன்னொரு கவரிலும் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன். ஏஜென்ட் வந்து போன நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முழுங்கியிருக்கிறாள்.

"இன்னாம்மா இது?"

"கார்டு நின்னுடுச்சின்னா அப்பறம் வாங்கணுமில்ல. கொஞ்சம் சேத்து வெச்சேன்."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டா நீ செத்துப் போயிடுவம்மா!"

"சத்தம் போடாத. பக்கத்து வூட்டுக்குக் கேக்கும்."

கேட்கட்டும் என்று கத்தினேன். கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். அம்மா அவளிடம், ஒன்றும் இல்லை, கேக்குக்கு முட்டை வாங்க மறந்துவிட்டேன், அதற்குத்தான் திட்டுகிறாள் என்றாள். அவள் போன பிறகு அம்மாவை ஆட்டோவில் ஏற்றி எங்கள் நர்சிங் ஹோமுக்கே கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் பி.பி. பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. இரண்டாம் தடவையும் பார்த்தாள். அதே நூற்றுத் தொண்ணூறு. நானே அம்மாவுக்கு எஸ்டிமேட் போட்டிருந்தால் இந்தச் செலவைச் சேர்த்திருக்க மாட்டேன். ஐந்நூறு ரூபாய் சம்பள உயர்வுக்கு என் அம்மா மாத்திரையை வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது எந்த ரேட் ஷீட்டிலும் இல்லை.

புது வருடம் பிறந்து வேலை தொடங்கிய முதல் நாள் ஒரு கடிதம் எழுதி எச்.ஆர். மேஜையில் வைத்தேன். எனக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாய் உயர்வைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான் எழுதியிருந்தேன். அவர் இரண்டு தரம் படித்தார்.

"இன்க்ரிமெண்ட் பேடவா? வேணாமா மேடம்?"

"வேணாம் சார். எனக்குக் கார்டு வேணும்."

"எல்லாரும் ஏத்துங்கன்னு வருவாங்க. நீங்க இறக்குங்கன்னு வர்றீங்க. ஃபைல்ல நான் என்ன காரணம் எழுதறது?"

"எங்க அம்மா மாத்திரையை வெட்டி டின்ல போட்டு வெச்சிருக்காங்கன்னு எழுதுங்க."

அவர் அதை எழுதவில்லை. சொந்தக் காரணங்களுக்காக, என் சம்மதத்தின் பேரில் என்று டைப் செய்தார். நான்கு நாள் மேலிடத்தில் கேட்டுவிட்டு, ஐந்தாம் நாள் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். அதோடு ஒரு வார்த்தையும் சொன்னார்: "அடுத்த ஜூலையில சிஸ்டம் தானா ஏத்தினா, என்னால தடுக்க ஆகல்ல மேடம். அப்ப மறுபடி லெட்டர் குடுங்க." நான் தலையாட்டினேன். எழுந்திருக்கும்போது "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன். என் காசை நானே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை வாங்கிக்கொண்டவருக்கு நன்றி சொன்னேன். வெளியே வந்து கவுண்டரில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. அன்றைக்கு என் முன்னால் வந்து நின்ற யாரிடமும் நான் சரியாகப் பேசவில்லை. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

பிடித்தம் மறுபடி வந்தது, நூற்று ஐம்பத்தாறு. கார்டு நிற்காமல் ஓடியது. அம்மா டின்னைக் கழுவிக் கடுகு போட்டு வைத்தாள். மாத்திரை முழுங்குவதை நான் எதிரில் நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். என்னைப் போலீஸ்காரி என்கிறாள்.

மே மாதத்திலிருந்தே எனக்குப் பயம் தொடங்கிவிட்டது. கோட்டுக்கும் எனக்கும் நடுவில் இருநூறு ரூபாய்தான். ஜூலையில் என்ன செய்வார்களோ என்று ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் முட்டி போட்டு, ஆண்டவரே சம்பளம் ஏறக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அந்தப் பீடத்தில் வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

ஜூலையில் கவர் வந்தது. நின்றபடியே பிரித்தேன். இந்த ஆண்டு யாருக்கும் சம்பள உயர்வு இல்லை என்று இருந்தது. மருந்துக் கவுண்டரில் இருக்கும் பெண், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள், அந்தக் காகிதத்தைக் கசக்கி வீசிவிட்டு அழுதாள். வார்டு பாய்கள் பேன்ட்ரியில் கூடி நின்று முதலாளியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். "நீயும் வாக்கா, எல்லாரும் சேந்து போயி கேக்கலாம்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். பதினோரு வருடமாக இந்த மாதிரிச் சண்டைக்கு முதலில் போய் நிற்பவள் நான்.

நான் போகவில்லை. கவரை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அப்பாடா என்றேன். அவளுக்குக் கேட்டுவிட்டது.